அடுத்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' பாகத்தில் கடலுக்கு என்ன இடம்?

கேள்வி
கெடிலக்கரை, கடலூர்

வணக்கம். வளம் சேர்த்து, ஊர் கட்டி, படை திரட்டிப் போரிடும் கணினி விளையாட்டான 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வரிசையின் ஐந்தாம் பாகம் என்று ஒன்று வெளிவருமானால் அதிலிருந்து நாம் எதை எதிர்பார்க்கலாம் என்று இங்குள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன். முதல் பாகம் 1997இலும், இரண்டாவது 1999இலும், மூன்றாவது 2005இலும் வந்தன. அதன்பின் இந்த வரிசையை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009இல் மூடப்பட்டது. நான்காம் பாகம் ரெலிக் நிறுவனத்தின் கைவண்ணத்தில் 2021 அக்டோபரில்தான் நம் கைக்கு வந்தது. அதுவும் 2017இல் அறிவிக்கப்பட்டு நான்கு ஆண்டுகள் கழித்து. எனவே புதிய பாகத்துக்கான அறிவிப்பு நாளைக்கே வந்தாலும் விளையாடக் கிடைப்பதற்குள் நமக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை வீண் கனவில் கழிக்காமல் உருப்படியாக யோசிக்கலாமே என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கடலூர், புதுச்சேரி, நெய்வேலி ஆகிய ஊர்களில் இருக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து வார இறுதிகளில் இரண்டாம் பாகத்தின் டெஃபினிட்டிவ் எடிஷனை (புதுப்பித்த மறுவெளியீட்டை) விளையாடுகிறோம். நான்காம் பாகத்தையும் எங்களில் பலர் வாங்கினோம். ஒவ்வொரு நாகரிகமும் தனக்கென ஒரு முறையில் வளர்வதும், காலம் மாற மாற வீரர்கள் பேசும் மொழியே மாறுவதும் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தன. இருந்தும் சில மாதங்களில் எல்லோரும் இரண்டாம் பாகத்துக்கே திரும்பிவிட்டோம். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது, தானாக நடந்தது.

அப்படித் திரும்பியதற்கு 2022 ஏப்ரலில் அதற்கு வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பும் ஒரு காரணம் என்பதை மறைக்க மாட்டேன். 2013இல் முதன்முதலாக 'இந்தியர்' என்ற ஒரே நாகரிகமாக நம்மை எல்லாம் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இத்தொகுப்பில் அதைப் பிரித்து இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என நான்காக்கினார்கள். ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரும் வந்தது. தமிழில் பதில் சொல்லிவிட்டு விறகு வெட்டப் போகும் வில்லேஜரை (ஆட்டத்தின் வேலையாளை) முதன்முறை கேட்டபோது எங்கள் குழுவில் எழுந்த கூச்சலை எழுத்தில் சொல்ல முடியாது. மெனு இன்னும் தமிழில் வரவில்லை என்ற குறை ஒருபுறம் இருக்கட்டும்.

ஆனால் திராவிடரைத் தேர்ந்தெடுத்து விளையாடும்போதுதான் ஒரு போதாமை உறுத்துகிறது. துறைகள் கூடுதல் மக்கள்தொகைக்கு இடம் தருகின்றன, மீனவர்கள் கூடுதலாகச் சுமக்கிறார்கள், திரிசடை என்ற பெருங்கப்பல் ஒரே வீச்சில் பல அம்புகளை எய்கிறது. இவ்வளவும் இருந்தும் கடலில் செய்வதற்கு அதிகம் இல்லை. கப்பல்களைக் கட்டுகிறோம், எதிரியின் கப்பல்களை மூழ்கடிக்கிறோம், கரையோரக் கட்டடங்களைத் தாக்குகிறோம், அவ்வளவுதான். சோழர் கடற்படையை இப்படித்தான் விளையாடித் தீர்க்க வேண்டுமா? புதிய பாகம் வருமானால் கடலைச் சரியாகக் கையாள வேண்டும் என்பதே என் முதல் எதிர்பார்ப்பு. உங்கள் கருத்து என்ன? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: புதிய பாகத்தை மனத்தில் வைத்து இப்போதே கணினியை மாற்றுவது அறிவுடைமையா?


பதில்
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நண்பரே, உங்கள் கேள்விக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் பாகம் எப்போது வந்தாலும் அதற்குப் போட்டியாக நிற்கப்போவது வேறொரு நிறுவனத்தின் விளையாட்டு அல்ல. அதே வரிசையின் இரண்டாம் பாகம்தான். 1999இல் பிறந்த ஒன்றைப் புதிய படங்களோடும் புதிய நாகரிகங்களோடும் 2019இல் மீண்டும் வெளியிட்டு, இன்றுவரை தொகுப்பின் மேல் தொகுப்பாக விற்று வருகிறார்கள். தன் சொந்த அண்ணனே வீட்டில் திடகாத்திரமாக உட்கார்ந்திருக்கும்போது தம்பி எதைச் செய்து பெயர் வாங்குவான் என்பதுதான் உண்மையான சிக்கல். நான்காம் பாகத்தை நல்ல விளையாட்டு என்று ஒப்புக்கொள்ளும் உங்கள் குழுவே அதைவிட்டுத் திரும்பியதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த நெருக்கடியைச் சமாளிக்க அடித்தளத்தையே மாற்றியவர்களின் கதி என்ன ஆனது என்று பாருங்கள். 2010இல் வந்த 'கமாண்ட் அண்ட் கான்கர்' நான்காம் பாகத்தில் தளம் கட்டுவதையும் கனிமம் சேர்ப்பதையும் எடுத்துவிட்டு, நகரும் ஒற்றை வாகனத்திலிருந்து படையை இறக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எண்ணிட்ட பாகங்கள் அதோடு நின்றுபோயின. 2017இல் வந்த 'டான் ஆஃப் வார்' மூன்றாம் பாகத்தில், அப்போது எல்லோரும் விளையாடிக்கொண்டிருந்த மோபா வகையின் (ஆளுக்கு ஒரு நாயகனை இயக்கி அணியாக மோதும் விளையாட்டுகளின்) சாயலைப் பலர் ஆடும் ஆட்டத்தில் புகுத்தினார்கள். பழைய ரசிகரும் வரவில்லை, புதியவரும் வரவில்லை, அடுத்த ஆண்டே புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டார்கள். அதன் நான்காம் பாகத்தை 2025இல் ஜெர்மனியின் கிங் ஆர்ட் நிறுவனம் அறிவித்தபோது பழைய ரசிகர்கள் முதலில் தேடிப் பார்த்தது, 2004இல் வந்த முதல் பாகத்தின் தளம் கட்டும் முறை திரும்புகிறதா என்பதைத்தான்.

நம் வரிசையிலேயே இதற்குச் சான்று உண்டு. மூன்றாம் பாகத்தில் வில்லேஜர்கள் சேகரித்ததைக் கிடங்குக்குச் சுமந்துவர வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே கணக்கில் ஏறிவிடும். வசதியான ஏற்பாடுதான், ஆனால் விறகு வெட்டுபவர் நடந்து போகும் அந்தச் சிறிய தூரத்தில்தான் இந்த விளையாட்டின் பாதி சாரம் இருக்கிறது. கிடங்கை எங்கே வைப்பது, எதிரி வந்தால் எதைக் கைவிடுவது, எந்தப் பக்கம் சுவர் எழுப்புவது என்ற முடிவுகள் எல்லாம் அந்த நடையிலிருந்து பிறப்பவை. நான்காம் பாகத்தில் அதைச் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கடலைப் பற்றி: உங்கள் ஆசையை நானும் பகிர்கிறேன், ஆனால் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பகிரவில்லை. தரவரிசை ஆட்டங்களில் அதிகம் விளையாடப்படுவது நீரே இல்லாத 'அரேபியா' மேப் (ஆட்டக்களம்). கடல் மேப்புகளை முடிந்தபோதெல்லாம் தடை செய்துவிடுகிறார்கள். இது சோம்பேறித்தனமும் அல்ல, ரசனைக்குறைவும் அல்ல. தரையில் மேடு உண்டு, காடு உண்டு, குறுகலான வழி உண்டு, சுவர் எழுப்பலாம். தோற்றுக்கொண்டிருப்பவர் ஒரு குன்றின் மேல் நின்று நேரம் கடத்தலாம். நீரில் இவை எதுவும் இல்லை. தட்டையான நீலப் பரப்பில் பத்துக் கப்பல் எட்டுக் கப்பலைச் சந்தித்தால் எட்டு மூழ்கும். அதற்குப்பின் எஞ்சிய நேரம் முழுவதும் துறை கட்டவும் முடியாது, மீன் பிடிக்கவும் முடியாது. நான்காம் பாகத்தில் வெளியீட்டுக்குப் பின் கடற்படையைத் திருத்தி அமைத்தார்கள். 2024இல் இரண்டாம் பாகத்துக்கு வந்த 'கிரானிக்கிள்ஸ்' தொகுப்பில் கிரேக்கக் கடற்போரை இன்னும் துணிச்சலாக மாற்றினார்கள். இரண்டும் முன்னேற்றமே. ஆனால் இரண்டிலும் மாறியது கப்பல், கடல் மாறவில்லை.


பதில்
மஞ்சக்குப்பம், கடலூர்

இருவருக்கும் வணக்கம். நான் வரலாறு கற்பிப்பவள். விளையாட்டில் என் திறமை என் மகனின் கேலிக்கு உரியது. ஆயினும் முத்தியால்பேட்டை நண்பர் எழுதிய கடைசி வரியைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடல் ஏன் தட்டையாக இருக்கிறது என்றால், இந்த விளையாட்டில் யாரும் உண்பதில்லை. ஒரு வீரரை உருவாக்கும்போது ஒருமுறை உணவு கழிகிறது; அதன்பின் ஆட்டம் முடியும்வரை அவருக்குச் சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். உண்ணாத படையை எப்படி முற்றுகையிடுவது? முற்றுகை என்றால் சுவரை இடிப்பது என்று மட்டுமே பொருளாகிவிடுகிறது. கடற்படையின் முதன்மையான வேலையோ, வரலாற்றில் பெரும்பாலும், சுவரை இடிப்பதாக இருந்ததில்லை. சோறு வரும் வழியை அடைப்பதாகத்தான் இருந்தது.

நம் கரையிலேயே பாருங்கள். 1760இன் பிற்பகுதியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியைத் தரையில் சூழ்ந்தார். ஆங்கிலேயக் கப்பல்கள் கடலை அடைத்தன. உள்ளே உணவு குறையக் குறைய, பிரெஞ்சுத் தளபதி லாலி உள்ளூர் மக்களில் பெரும் எண்ணிக்கையினரைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். அவர்கள் இரு படைகளுக்கும் நடுவே சிக்கித் தவித்தார்கள். 1761 ஜனவரி முதல் நாள் வீசிய புயலில் முற்றுகைக் கப்பல்கள் பல நொறுங்கின. அன்று கடல் திறந்துகிடந்தது. வெளியிலிருந்து தானியக் கப்பல்கள் வந்து சேர்ந்திருந்தால் கதை மாறியிருக்கலாம், வரவில்லை. மீதிக் கப்பல்கள் வந்து மறுபடி அடைத்துக்கொண்டன, அதே மாத நடுவில் நகரம் சரணடைந்தது. இந்த ஒரு மாதத்துக்குள் எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இதில் ஒன்றைக்கூட இன்றைய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' விளையாட்டில் உங்களால் எடுக்க முடியாது.

கடலூருக்கு எதிரேயே 1783 ஜூன் 20 அன்று நடந்த போர் இன்னும் பொருத்தமானது. தரையில் ஆங்கிலேயர், நகருக்குள் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை. கடலில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஹியூஸிடம் 18 போர்க்கப்பல்கள், பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேனிடம் 15. மூழ்கிய கப்பல்களை எண்ணி வெற்றி சொல்ல முடியாத போர் அது. ஆனால் ஹியூஸின் மாலுமிகள் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் துவண்டிருந்தார்கள், குடிநீரும் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் சென்னைக்குத் திரும்பினார். எண்ணிக்கையில் பெரியவர் தண்ணீருக்காக விலக, நகரை முற்றுகையிட்டவர்களே தனித்து விடப்பட்டார்கள். நண்பர் சொன்ன 'பத்துக் கப்பல் எட்டுக் கப்பலைச் சந்தித்தால் எட்டு மூழ்கும்' என்ற விதி இந்தக் கடலில் செல்லவில்லை.

பருவக்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்கப் பாதுகாப்பான இயற்கைத் துறைமுகம் கிடையாது; வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் கடற்படைகள் பம்பாய்க்கோ திரிகோணமலைக்கோ போய்விட வேண்டும். ஆண்டில் சில மாதங்கள் கடல் யாருக்கும் சொந்தமில்லை. தோற்றுக்கொண்டிருப்பவர் நேரம் கடத்த ஒரு குன்று வேண்டும் என்றால், கடலில் அந்தக் குன்று ஐப்பசி மாதம்தான்.

தொடர்பில்லாத ஒன்று, ஆனால் உங்களுக்குப் பிடிக்கும். ஆங்கிலேயர் 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரையிலான ஊர்கள் தங்களுடையவை என்று பேசிக்கொண்டு, நாலாபுறமும் சுட்டு எல்லை வகுத்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது. காவல் கோபுரத்தின் அம்பு எட்டும் எல்லைக்குள் இருப்பதெல்லாம் என் நிலம் என்று நினைக்கும் ஆட்டக்காரர்களுக்கு இதைவிட முன்னோடி யார்?


பதில்
வட்டம் 19, நெய்வேலி

அம்மா சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் 'வீரர்கள் உண்ண வேண்டும்' என்பதைப் பிற விளையாட்டுகள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கின்றன என்பதையும், எல்லாவற்றுக்கும் நல்ல முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உக்ரைனிலிருந்து 2000களின் தொடக்கத்தில் வந்த 'கொசாக்ஸ்' விளையாட்டில் ஆயிரக்கணக்கான வீரர்களைத் திரட்டலாம். அவர்கள் இடைவிடாது உண்பார்கள். உணவு தீர்ந்தால் பட்டினியால் சாவார்கள், பொன் தீர்ந்தால் கூலிப்படையினர் கலகம் செய்வார்கள், ஒவ்வொரு பீரங்கி வெடிக்கும் இரும்பும் நிலக்கரியும் செலவாகும். கேட்க அருமையாக இருக்கிறது. விளையாடும்போதோ போரைப் பார்ப்பதைவிட்டுத் திரையின் ஓரத்தில் குறையும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. 'வார்கிராஃப்ட்' மூன்றாம் பாகத்தில் படை பெருகப் பெருகப் பொன் வருமானம் குறையும்; எளிய ஏற்பாடுதான், ஆனால் எதிரியால் அதைத் தாக்க முடியாது. அது வெறும் வரி.

எனக்குச் சரியாகத் தோன்றியவை இரண்டு. 2003இல் வந்த 'ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்' விளையாட்டில் எதிரியின் எல்லைக்குள் நுழைந்த படை நாளடைவில் தேயும். கூடவே ஒரு வழங்கல் வண்டி சென்றால் தேயாது. அந்த வண்டியை எரித்தால் போதும், படை தானே பின்வாங்கும். 2006இல் வந்த, ரெலிக் உருவாக்கிய 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ்' விளையாட்டில் நீங்கள் பிடித்த நிலம் தலைமையகத்தோடு தொடர்பில் இருந்தால்தான் அதிலிருந்து வளம் கிடைக்கும்; நடுவே ஒரு துண்டை எதிரி பிடித்தால் அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் பயனற்றவை. இரண்டிலும் எண்களைப் பார்க்க வேண்டியதில்லை. மேப்பைப் பார்த்தாலே யாருக்கு என்ன ஆபத்து என்று தெரிந்துவிடும். வழங்கல் என்பது காப்பதற்கும் அடிப்பதற்கும் உரிய ஒரு பொருளாக மேப்பின் மேல் நகர வேண்டும், அதுதான் வேறுபாடு.

ஆகவே ஐந்தாம் பாகத்தில் ஒவ்வொரு ஈட்டிக்காரருக்கும் சோறு போடச் சொல்லாதீர்கள். தரையில் இருப்பது இருக்கட்டும்; முத்தியால்பேட்டை அண்ணன் எச்சரித்தபடி அந்த அடித்தளத்தில் கை வைத்தால் வரிசையே போய்விடும். கடலில் மட்டும் மாற்றம் வேண்டும். ஒரு கப்பல் துறையை விட்டு விலகிச் செல்லச் செல்ல அதன் வலு குறையட்டும். நட்புத் துறையிலோ சரக்குக் கப்பலின் அருகிலோ வந்தால் மீளட்டும். அப்போது பத்துக் கப்பல் வைத்திருப்பவர் எதிரியின் கரை வரை வந்து நெடுநேரம் நிற்க முடியாது, எட்டுக் கப்பல் வைத்திருப்பவர் தன் துறையருகே நின்று அவரைச் சந்திக்கலாம். தரையில் குன்று செய்யும் வேலையைக் கடலில் துறை செய்யும். கடாரம் போக வேண்டுமானால் வழியில் ஒரு தீவைப் பிடித்துத் துறை கட்டியாக வேண்டும். 'அலைகடல் நடுவுள் பல கலம் செலுத்தி' என்று ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்வதில் உள்ள அந்தப் 'பல கலம்' எல்லாமே போர்க்கப்பலாக இருந்திருக்க முடியாதல்லவா?


கேட்டவர்
கெடிலக்கரை, கடலூர்

மூவருக்கும் நன்றி. கடல் சரியில்லை என்று மட்டுமே எனக்குத் தெரிந்தது. எது சரியில்லை என்பது உங்கள் பதில்களால்தான் விளங்கியது. நெய்வேலி நண்பரின் யோசனையில் ஒரேயொரு ஐயம். துறையை விட்டு விலகும்போது வலு குறையும் என்றால், எல்லோரும் தங்கள் துறையருகிலேயே ஒதுங்கிக் கிடக்க மாட்டார்களா? கடல் நடுவே போவதற்கு ஏதேனும் ஆதாயம் வேண்டும். இன்றைய வணிகக் கப்பல்கள் கூட்டாளியின் துறைக்கும் நம் துறைக்கும் இடையே பொன் கொண்டுவருவதோடு சரி.

இன்னொன்று. எந்தக் காலத்தை எடுத்துக்கொள்வது? அம்மா சொன்ன 18ஆம் நூற்றாண்டு மூன்றாம் பாகத்திலேயே வந்துவிட்டது. சோழர் காலம் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது.


பதில்
மஞ்சக்குப்பம், கடலூர்

பழைய காலத்துக்கே போகலாம் என்பேன். முதல் பாகத்தில் கிரேக்கரும் பினீசியரும் எகிப்தியரும் இருந்தார்கள், அடுத்த ஆண்டு வந்த தொகுப்பில் ரோமானியரும் வந்தார்கள். இந்தியாவிலிருந்து ஒருவர்கூட இல்லை. அதே காலத்தில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள நம் அரிக்கமேட்டுக்கு மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன; 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது கிடைத்த இத்தாலிய மட்பாண்டங்களை வைத்துத்தான் தென்னிந்தியத் தொல்லியலில் காலக் கணிப்பே உறுதிப்பட்டது. மிளகுக்கும் மணிகளுக்கும் துணிக்கும் பொன் கொடுத்தார்கள். நடுக்கடலுக்குப் போக ஆதாயம் என்ன என்று கேட்டீர்களே, அது இதுதான். பருவக்காற்று திசை மாறும்போது போய், மறுபடி மாறும்போது திரும்பும் கப்பல். அதன் பாதையில் நிற்பவருக்குப் பங்கு. கூட்டாளியே இல்லாதவரும் மேப்பின் விளிம்புக்கு அப்பால் இருக்கும் சந்தைக்குக் கப்பல் அனுப்பட்டும்.


பதில்
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

மேப்பின் விளிம்புக்கு அப்பால் சந்தை என்பது அருமையான யோசனை. அது வந்தால் நானே கடல் மேப்பைத் தடை செய்வதை நிறுத்திவிடுவேன். ஒரு நிபந்தனை மட்டும்: கப்பல் எப்போது திரும்பும் என்பது இரு தரப்பும் முன்கூட்டியே அறிந்ததாக இருக்க வேண்டும். புயல் தற்செயலாக வந்து ஒருவர் படையை மட்டும் கவிழ்த்தால் போட்டி ஆட்டக்காரர்கள் அதை மறுநாளே அணைத்துவிடச் சொல்லுவார்கள். பருவம் வேண்டும், சூதாட்டம் வேண்டாம்.

கணினி பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் நான் சொல்லிவிடுகிறேன். இப்போது வாங்காதீர்கள். அறிவிக்கப்படாத விளையாட்டுக்கு இன்று வாங்கும் கிராபிக்ஸ் கார்டு, அது வெளிவரும் நாளில் பழையதாகியிருக்கும். அதே பணத்துக்கு அன்று மேலானது கிடைக்கும். நான்காம் பாகமே 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியில் ஓடும்படி குறைந்த தர அமைப்போடு வந்தது. இவ்வரிசையின் ரசிகர்களில் பலர் சாதாரணக் கணினி வைத்திருப்பவர்கள் என்பதை அவர்கள் மறப்பதில்லை. செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள். மேப் ஏறும் நேரத்தில் உங்களுக்காக மற்ற ஏழு பேர் காத்திருக்க வேண்டியிருக்காது. மீதிப் பணத்துக்கு அந்தக் கிரேக்கத் தொகுப்பை வாங்கி அதன் கடற்போரை ஒருமுறை ஆடிப் பாருங்கள். நெய்வேலித் தம்பி சொன்ன துறை விதி அங்கே எங்கெல்லாம் பொருந்தும், எங்கே இடறும் என்று அடுத்த வாரம் இங்கேயே எழுதுங்கள்.